குப்பைக்குக் கட்டணம்... அந்தக் காசு யாருக்குப் போகுது? முத்தியால்பேட்டை முதல் குரும்பாபேட்டை வரை - முழு விளக்கம்

காலையில் விசில் சத்தம் கேட்டதும் முத்தியால்பேட்டையில் வீட்டு வாசலுக்குக் குப்பை வாளி வந்துவிடுகிறது. வண்டி நிற்கிறது, வாளி காலியாகிறது, வண்டி அடுத்த தெருவுக்குத் திரும்புகிறது. அதோடு நம் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். உண்மையில் அந்த வாளியோட பணக் கணக்கு அங்கேதான் ஆரம்பிக்குது.

அந்தக் குப்பையை எடுக்க ஒருவருக்குக் காசு. ஏற்றிக்கொண்டு போகக் காசு. கிடங்கில் பிரித்து, மீதியைக் கொட்டக் காசு. இதையெல்லாம் கொடுப்பது உள்ளாட்சி, அதாவது நம் வரிப் பணம். ஆனால் மொத்தம் எத்தனை டன், ஒரு டன்னுக்கு எவ்வளவு, எந்த உள்ளாட்சியின் பங்கு எவ்வளவு? இந்த மூன்றும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் கிடைத்தால்தான் கணக்கு சரியா, தப்பா என்று ஒரு சாதாரண ஆளால் சொல்ல முடியும்.

அந்தக் கணக்கு எப்படி ஓடுகிறது, எங்கே பகிரப்படுகிறது, யாருக்கு அறிக்கையாகப் போகிறது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல்ல, 'குப்பைக் கட்டணம்'னா எந்தக் கட்டணம்?

ஒரே பெயரில் மூன்று வேறு வேறு பணம் இருக்கிறது. இதைக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டை.

ஒன்று, பயனாளர் கட்டணம். வீடு, கடை, ஓட்டல், கல்யாண மண்டபம் ஆகியவை உள்ளாட்சிக்குக் கட்டுவது. புதுச்சேரியில் பேச்சுவழக்கில் 'குப்பை வரி' என்று சொல்வது இதைத்தான். இது உள்ளாட்சிக்கு வரவு.

இரண்டு, டிப்பிங் கட்டணம். குப்பையைப் பதப்படுத்தும் ஆலைக்கோ, கடைசியில் மிஞ்சுவதைக் கொட்டும் நிலநிரப்புத் தளத்துக்கோ டன் கணக்கில் தரப்படும் பணம். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே இதற்கு விளக்கம் சொன்னது: உள்ளாட்சியோ, மாநில அரசு அனுமதித்த அமைப்போ நிர்ணயித்து, ஆலையையோ தளத்தையோ நடத்துபவருக்குக் கொடுக்கும் தொகை. இது உள்ளாட்சிக்குச் செலவு.

மூன்று, அபராதம். தெருவில் கொட்டினால், எரித்தால், பிரிக்காமல் கொடுத்தால் விதிக்கப்படுவது. இதுவும் வரவுதான், ஆனால் நம்பி பட்ஜெட் போட முடியாத வரவு.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம், பணம் எந்தத் திசையில் போகுது என்பது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் குப்பைக் கிடங்கு வாசலில் லாரி நின்றால், கொண்டுவந்தவர் டன்னுக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டுத்தான் உள்ளே போகணும். அந்த வசூலில் ஒரு பங்கு அரசுக்கோ, கிடங்கு இருக்கும் ஊருக்கோ போகிறது. அங்கே 'கிடங்குக் கட்டண வருமானம்' என்று ஒன்று இருக்கிறது. நம் ஊரில் பெரும்பாலும் கொண்டுவருபவரே உள்ளாட்சியின் ஒப்பந்ததாரர். பணம் கட்டுவதும் உள்ளாட்சி. அதனால் இங்கே பகிர வேண்டியது பெரும்பாலும் வருமானத்தை இல்லை, செலவை.

முத்தியால்பேட்டை குப்பை எங்கே போகுது?

முத்தியால்பேட்டை, புதுச்சேரி நகராட்சியின் எல்லைக்குள் வருகிறது. பக்கத்திலேயே உழவர்கரை நகராட்சி. வெளியூர்க்காரருக்கு எல்லாம் ஒரே 'பாண்டி'தான். ஆனால் சட்டப்படி இரண்டும் தனித்தனி உள்ளாட்சிகள், தனித்தனி கணக்குகள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் புதுச்சேரி நகராட்சியில் 2,44,377 பேர், உழவர்கரையில் 3,00,104 பேர். பெயர் பெற்ற நகராட்சியைவிடப் பக்கத்து நகராட்சி பெரிசு.

பெரியவர்களைக் கேட்டால் கருவடிக்குப்பம் கிடங்கைப் பற்றிச் சொல்வார்கள். முத்தியால்பேட்டைக்குப் பக்கத்திலேயே நகரத்துக் குப்பை மலையாகக் கிடந்த இடம் அது. புகை, நாற்றம், ஈ என்று சுற்றியிருந்த மக்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. பிறகு நகரத்துக்கு மேற்கே உள்ள குரும்பாபேட்டைக்குக் குப்பை போக ஆரம்பித்தது. நமக்கு நாற்றம் குறைந்தது. குரும்பாபேட்டையைச் சுற்றி இருப்பவர்களுக்கு அது ஆரம்பமானது.

குப்பை இடம் மாறியபோது சுமையும் இடம் மாறியது. அதோடு பணமும் இடம் மாறியதா? கிடங்கை ஏற்றுக்கொண்ட ஊருக்கு ஏதாவது பங்கு கிடைக்கிற மாதிரி ஏற்பாடு இருக்கா? கிடங்குக் கணக்கைப் பற்றிய பேச்சில் மையக் கேள்வி இதுதான்.

எடை மேடைதான் கல்லாப் பெட்டி

டன் கணக்கில் பணம் என்றால், எடை மேடைச் சீட்டுதான் பில். ஒரு வண்டி உள்ளே வரும்போது லோடோடு ஒரு எடை. காலியாகி வெளியே போகும்போது வெறும் வண்டி எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் குப்பையின் எடை.

ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். இவை புரிவதற்காகச் சொல்லும் எண்கள்தான், புதுச்சேரியின் ஒப்பந்த விலை இல்லை.

ஒரு காம்பாக்டர் லாரி லோடோடு 8.4 டன். வெறும் வண்டி 4.9 டன். அப்போ குப்பை 3.5 டன். டன்னுக்கு 600 ரூபாய் என்றால் ஒரு நடைக்கு 2,100 ரூபாய்.

இப்போ வெறும் வண்டி எடையை 4.4 டன் என்று பதிந்துவிட்டால்? குப்பை 4 டன் ஆகிவிடும். பில் 2,400 ரூபாய். ஒரு நடைக்கு வெறும் 300 ரூபாய் வித்தியாசம். ஒரு நாளைக்கு 40 நடை என்றால் 12,000 ரூபாய். ஒரு வருஷத்துக்கு 43 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். ஒரே ஒரு எண்ணைச் சரிபார்க்காமல் விட்டதற்கு இவ்வளவு.

யாரும் ஏமாற்ற வேண்டும் என்றுகூட இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த குப்பைக்கு எடை கூடும். வீடு இடித்த கல், மண், சிமென்ட் துண்டு கலந்தால் எடை எகிறும். பிரிக்காத குப்பையில் தேங்காய் மட்டையும் ஈரச் சாதமும் சேர்ந்தே வரும். டன்னுக்குக் காசு என்ற ஒப்பந்தத்தில், எடை கூடினால் எடுப்பவருக்கு வரவு, நமக்குச் செலவு. குப்பையைக் குறைக்கணும் என்று உள்ளாட்சி சொல்லும், ஒப்பந்தத்தின் காசோ கூட்டச் சொல்லும். இந்த இழுபறி எடை மேடையில்தான் தெரியும்.

அதனால்தான் எடைச் சீட்டை வெளியே வைப்பது முக்கியம். தேதி, வண்டி எண், எந்த உள்ளாட்சி, லோடு எடை, வெறும் எடை. இந்த ஐந்தும் இணையத்தில் இருந்தால் யார் வேண்டுமானாலும் கூட்டிப் பார்க்கலாம்.

ஒரே கிடங்கு, பல உள்ளாட்சி... பங்கு எப்படி?

ஒரு கிடங்கை ஒன்றுக்கு மேற்பட்ட உள்ளாட்சிகள் பயன்படுத்தும்போது செலவைப் பிரிக்க மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, எடைப்படி. யார் எத்தனை டன் அனுப்பினார்களோ அதற்குத் தகுந்த பங்கு. நியாயமானது. ஆனால் எடை மேடை நேர்மையாக இருக்கணும்.

இரண்டாவது வழி, மக்கள்தொகைப்படி. கணக்குப் போடச் சுலபம். ஆனால் சுற்றுலா ஊருக்கு இது பொருந்தாது. 2011 கணக்கை வைத்து மாதம் 1 கோடி ரூபாய் செலவை இரண்டு நகராட்சிக்கும் பிரித்தால், புதுச்சேரிக்குச் சுமார் 45 லட்சம், உழவர்கரைக்குச் சுமார் 55 லட்சம். ஆனால் கடற்கரைச் சாலை, பெரிய மார்க்கெட், வெள்ளை நகரத்து ஓட்டல்கள், வார இறுதியில் வந்து குவியும் வெளியூர் வண்டிகள் எல்லாம் புதுச்சேரி நகராட்சி பக்கம். சனி, ஞாயிறு வந்துபோகிறவர் மக்கள்தொகைக் கணக்கில் இல்லை, அவர் சாப்பிட்ட பார்சல் பெட்டி மட்டும் எடையில் இருக்கிறது. தலைக்கு இவ்வளவு என்று பிரித்தால், அந்தக் குப்பையின் செலவில் ஒரு பகுதியை உழவர்கரைக்காரர் சுமக்க வேண்டி வரும்.

மூன்றாவது வழி, அரசே மொத்தமாகக் கொடுத்துவிடுவது. உள்ளாட்சிக்குத் தலைவலி இல்லை. ஆனால் எந்த ஊர் எவ்வளவு குப்பை போட்டது, அதற்கு எவ்வளவு செலவானது என்பதே மறைந்துவிடும். குப்பையைக் குறைத்த உள்ளாட்சிக்கும் லாபம் இல்லை, கூட்டிய உள்ளாட்சிக்கும் நஷ்டம் இல்லை.

பக்கத்து மாநிலத்தில் என்ன ஆச்சு?

இந்தப் பங்குப் பிரச்சினை முற்றினால் என்ன ஆகும் என்பதற்குக் கேரளாவில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன.

திருவனந்தபுரம் மாநகராட்சியின் குப்பை ஆலை விளப்பில்சாலையில் இருந்தது. அது வேறொரு கிராமப் பஞ்சாயத்தின் எல்லை. நாற்றத்தையும் கழிவு நீரையும் தாங்க முடியாமல் மக்கள் போராடினார்கள். 2011 டிசம்பரில் பஞ்சாயத்தே ஆலையைப் பூட்டிவிட்டது. தலைநகரத்துக் குப்பைக்கு ஒரே நாளில் போக்கிடம் இல்லாமல் போனது.

கொச்சி மாநகராட்சியின் பிரம்மபுரம் கிடங்கும் அப்படித்தான், வடவுகோடு புத்தன்குரிசு பஞ்சாயத்துக்குள் இருக்கிறது. மாநகராட்சி மட்டுமில்லாமல் ஆலுவா, களமசேரி, திருக்காக்கரை போன்ற பக்கத்து நகராட்சிகளின் குப்பையும் அங்கே போனது. 2023 மார்ச் 2-ஆம் தேதி தீப்பிடித்தது. கொச்சி நகரமே நாள் கணக்கில் புகையில் மூச்சுத் திணறியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 100 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது யாரை? கொச்சி மாநகராட்சியை. குப்பை பல ஊருடையது, பில் ஒருவர் பெயரில். பங்கு முறையை முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால் கடைசியில் இப்படித்தான் முடியும்.

இலங்கையில் இதைவிடக் கொடுமை நடந்தது. கொழும்பு நகரத்துக் குப்பை, மாநகர எல்லைக்கு அருகே கொலன்னாவை பகுதியில் உள்ள மீதொட்டமுல்லையில் குவிந்தது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று அந்த மலை சரிந்து வீடுகளை மூடியது. 30-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். குப்பை ஒரு ஊருடையது, உயிர் போனது இன்னொரு ஊரில்.

கிடங்கு இருக்கிற ஊருக்கு என்ன கிடைக்கும்?

மற்ற நாடுகளில் இதற்குச் சட்டமே இருக்கிறது.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1988-இல் வந்த 101-ஆம் எண் சட்டப்படி, கிடங்கு நடத்துபவர் உள்ளே வரும் ஒவ்வொரு டன்னுக்கும் 1 டாலர் அந்த ஊர் உள்ளாட்சிக்குக் கொடுக்கணும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எத்தனை டன் வந்தது என்ற கணக்கோடு சேர்த்து. இது போக மறுசுழற்சிக்காக டன்னுக்கு 2 டாலர் மாநில நிதிக்குத் தனியாகப் போகிறது. கிடங்கு இருக்கும் ஊர் தன் சார்பில் பயிற்சி பெற்ற ஆய்வாளரை வைத்துக் கிடங்கைச் சோதிக்கவும் சட்டம் இடம் தருகிறது. காசோடு கணக்குப் பார்க்கும் உரிமையும் ஊருக்கு வருகிறது.

பிரிட்டன் வேறு வழி. 1996 அக்டோபரில் கிடங்கு வரி என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஆரம்பத்தில் சாதாரணக் குப்பைக்கு டன்னுக்கு 7 பவுண்ட். படிப்படியாக ஏற்றி, 2025 ஏப்ரலில் 126 பவுண்டைத் தாண்டிவிட்டது. கொட்டுவது அவ்வளவு செலவு என்றால், பிரித்து மறுசுழற்சி செய்வதே மலிவு என்று எல்லோரும் மாறுவார்கள் என்பதுதான் யோசனை. வரி அரசுக் கஜானாவுக்குப் போகிறது. ஆனால் கிடங்கு நடத்துபவர்கள் பக்கத்து ஊர்களின் பூங்கா, சமுதாயக் கூடம் போன்ற வேலைகளுக்குப் பணம் கொடுத்தால் வரியில் ஒரு பகுதி கழிவு கிடைக்கும்.

இரண்டு வழியிலும் பொதுவானது ஒன்று: டன்னையும் காசையும் பிரிக்க முடியாது. எடை தெரிந்தால் காசு தெரியும்.

சரி, இங்கே அறிக்கை யார் யாருக்குக் கொடுக்கணும்?

2016 விதிகள் ஒரு கால அட்டவணை போட்டன. ஆலையோ கிடங்கோ நடத்துபவர் ஏப்ரல் 30-க்குள் உள்ளாட்சிக்கு ஆண்டறிக்கை தரணும். உள்ளாட்சி ஜூன் 30-க்குள் மாசுக் கட்டுப்பாட்டு அமைப்புக்குத் தரணும். புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால் இங்கே வாரியம் கிடையாது, புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமம்தான். அது எல்லாவற்றையும் தொகுத்து ஜூலை 31-க்குள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்பணும். மத்திய வாரியம் ஆகஸ்ட் 31-க்குள் நாடு முழுவதற்குமான அறிக்கை தயாரிக்கணும்.

உள்ளாட்சியின் படிவத்தில் ஒரு நாளைக்கு எத்தனை டன் உருவாகிறது, எத்தனை டன் எடுக்கப்படுகிறது, எத்தனை டன் பதப்படுத்தப்படுகிறது, எத்தனை டன் கிடங்குக்குப் போகிறது என்று கேட்கப்பட்டது. எத்தனை வீடு, எத்தனை ஊழியர் என்பதும் உண்டு. அப்போ எடை ஒரு பாதையில் மேலே போகிறது.

காசு வேறு பாதையில் போகிறது. 2004-இல் வெளியான தேசிய நகராட்சிக் கணக்குக் கையேட்டின்படி பயனாளர் கட்டணமும் அபராதமும் 'கட்டணங்கள்' என்ற தலைப்பில் வரும். உரம் விற்ற காசு 'விற்பனை' தலைப்பில் வரும். அரசு கொடுத்தது 'மானியம்' தலைப்பில் வரும். நிரந்தர ஊழியர் சம்பளம் ஒரு செலவுத் தலைப்பு. ஒப்பந்ததாரருக்குப் போவது 'இயக்கம், பராமரிப்பு' என்ற இன்னொரு தலைப்பு. அதே தலைப்பில் தெருவிளக்கும் பம்ப் ரிப்பேரும் சேர்ந்து இருக்கும். துறைவாரியாகப் பிரித்துக் காட்டினால் ஒழிய, 'குப்பைக்கு மட்டும் எவ்வளவு' என்று ஆண்டுக் கணக்கைப் புரட்டிக் கண்டுபிடிப்பது லேசான காரியம் இல்லை.

எடை சுற்றுச்சூழல் துறை ஃபைலில். காசு கணக்குத் துறை ஃபைலில். இரண்டு ஃபைலையும் ஒரே மேசையில் வைத்துக் கேள்வி கேட்க வேண்டிய இடம் நகர்மன்றம்.

நகர்மன்றம் எங்கே?

புதுச்சேரியில் உள்ளாட்சிக்கு வயது அதிகம். பிரெஞ்சு ஆட்சியில், 1880-லேயே நகராட்சி முறை வந்துவிட்டது. 'கொம்யூன் பஞ்சாயத்து' என்ற பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருப்பது அந்தக் காலத்துக் கணக்குதான். ஆனால் 1968-க்குப் பிறகு 38 வருஷம் கழித்து, 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அப்படி வந்தவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. 2021-இல் தேதி அறிவித்தும் இட ஒதுக்கீடு தொடர்பான வழக்கில் நின்றுபோனது.

அரசியல் சட்டத்தின் 12-ஆவது அட்டவணை, திடக்கழிவு மேலாண்மையை நகராட்சியின் வேலைகளில் ஒன்றாகச் சொல்கிறது. வேலை நகராட்சியுடையது. ஆனால் முத்தியால்பேட்டை வார்டு சார்பாக எழுந்து, "போன மாசம் எத்தனை டன், எவ்வளவு பில்?" என்று கேட்க ஒரு கவுன்சிலர் இல்லாமல் வருஷங்கள் ஓடின. அதிகாரிகளே ஒப்பந்தம் போட்டு, அதிகாரிகளே பில் பாஸ் செய்து, அதிகாரிகளே அறிக்கை அனுப்பும் அமைப்பில், அவர்கள் எவ்வளவு நேர்மையானவர்களாக இருந்தாலும் வெளியிலிருந்து பார்க்கும் கண் ஒன்று குறைகிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. மாநிலங்களின் உள்ளாட்சிகளுக்கு 15-ஆவது நிதிக்குழு மானியம் கொடுத்தபோது ஒரு நிபந்தனை போட்டது. முந்தைய ஆண்டின் தற்காலிகக் கணக்கையும், அதற்கு முந்தைய ஆண்டின் தணிக்கை செய்த கணக்கையும் இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைக்கணும். புதுச்சேரி மாநிலம் இல்லை என்பதால் நிதிக்குழுப் பகிர்வுக்குள் வருவதில்லை. அதனால் அந்தக் காசும் இல்லை, 'கணக்கைக் காட்டினால்தான் காசு' என்ற அந்த நெருக்கடியும் இல்லை.

2026 புது விதிகளில் என்ன மாறுது?

2016 விதிகளுக்குப் பதிலாக மத்திய அரசு புதிய திடக்கழிவு மேலாண்மை விதிகளை அறிவித்தது. 2026 ஏப்ரல் 1 முதல் அமல். இதில் நம் விஷயத்துக்கு முக்கியமானவை மூன்று.

முதலாவது, பிரிப்பு. ஈரக் குப்பை, உலர் குப்பை, நாப்கின் போன்ற சுகாதாரக் குப்பை, தனிக் கவனம் தேவைப்படும் குப்பை என்று நான்காகப் பிரித்துக் கொடுக்கணும்.

இரண்டாவது, கிடங்குக் கட்டணம். பிரிக்காத குப்பையை நிலநிரப்புத் தளத்துக்கு அனுப்பும் உள்ளாட்சிகளுக்குக் கூடுதல் கட்டணம். பிரித்து, ஏற்றி, பதப்படுத்த ஆகும் செலவைவிட இந்தக் கட்டணம் அதிகமாக இருக்கணும் என்பது யோசனை. பிரிட்டன் வரியின் தத்துவம்தான், நம் ஊருக்குத் தகுந்த மாதிரி. உள்ளாட்சி சோம்பேறித்தனமாக எல்லாவற்றையும் கொட்டினால் அதற்குத் தண்டச் செலவு.

மூன்றாவது, கணக்கு. குப்பையின் ஒவ்வொரு கட்டத்தையும் பதியும் ஒரு மத்திய இணையதளம். கிடங்குகளை மாசுக் கட்டுப்பாட்டு அமைப்புகள் ஆண்டுதோறும் தணிக்கை செய்யணும் என்ற ஏற்பாடு.

இதற்கு முன்பே தண்டச் செலவு என்பது தெரியாத விஷயம் இல்லை. 2020 ஜனவரியில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட உத்தரவில், குப்பை விதிகளைக் கடைப்பிடிக்காத உள்ளாட்சிகளுக்கு மாதக் கணக்கில் இழப்பீடு நிர்ணயித்தது. 10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை என்றால் மாதம் 10 லட்சம் ரூபாய். 5 முதல் 10 லட்சம் வரை என்றால் 5 லட்சம். மற்ற உள்ளாட்சிகளுக்கு மாதம் 1 லட்சம்.

இங்கே ஒரு ஆபத்தும் இருக்கிறது. கூடுதல் கட்டணமோ இழப்பீடோ, உள்ளாட்சி கட்டினால் அது யார் பணம்? நம்ம பணம்தான். வீட்டில் ஒழுங்காகப் பிரித்துக் கொடுத்தும், வண்டியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து கொண்டுபோனால், பிரித்தவரும் சேர்ந்து அந்தத் தண்டத்தைச் சுமக்கிறார். ஆகவே எந்த வார்டு வண்டி பிரித்த குப்பையோடு வந்தது, எது கலந்து வந்தது என்பதும் எடைச் சீட்டிலேயே பதிவாகணும். அப்போதுதான் தப்பு வீட்டிலா, வண்டியிலா என்று தெரியும்.

மக்கள் ஏன் 'கட்ட மாட்டோம்'னு சொல்றாங்க?

சென்னை மாநகராட்சி 2021 ஜனவரி 1 முதல் வீடுகளுக்கு மாதம் 10 முதல் 100 ரூபாய் வரை குப்பைக் கட்டணம் வசூலிப்பதாக அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்தி வைத்தார்கள். பெங்களூரில் 2025 ஏப்ரல் முதல் சொத்து வரியோடு சேர்த்து வசூல். 600 சதுர அடி வரை மாதம் 10 ரூபாய், 4,000 சதுர அடிக்கு மேல் 400 ரூபாய். அங்கேயும் புலம்பல் குறையவில்லை.

மாதம் 10 ரூபாய் என்பது ஒரு டீ காசு. அதுக்கா இவ்வளவு கோபம்? கோபம் தொகையில் இல்லை. "ஏற்கெனவே சொத்து வரி கட்டுறோமே, அது எதுக்கு? இது எதுக்கு? ரெண்டையும் வாங்கி என்ன செஞ்சீங்க?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாததில் இருக்கிறது. 'உங்கள் வார்டில் இவ்வளவு வசூல், இவ்வளவு டன், இவ்வளவு செலவு, பற்றாக்குறை இவ்வளவு' என்று ஒரு தாள் ஒட்டினால், பாதிப் பேர் முணுமுணுத்துக்கொண்டே கட்டிவிடுவார்கள். கடைக்காரர் பில் கொடுத்தால் நாம் கட்டுவதில்லையா?

சரி, நாம என்ன கேட்கலாம்?

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தரணும். பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ, முதலில் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அதிகாரி. அடுத்து, புதுச்சேரிக்கு மத்திய தகவல் ஆணையம்.

'குப்பை பற்றிய விவரம் தரவும்' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். குறிப்பாகக் கேட்கணும். நகராட்சியைக் கேட்க வேண்டியவை:

1. கடந்த நிதியாண்டில் மாதவாரியாக நம் நகராட்சியிலிருந்து கிடங்குக்குப் போன குப்பை எத்தனை டன்?

2. எடுப்பது, ஏற்றிச் செல்வது, பதப்படுத்துவது, கொட்டுவது - இந்த நான்குக்கும் ஒப்பந்தப்படி டன்னுக்கு என்ன விலை? மாதவாரியாகக் கொடுத்த தொகை எவ்வளவு?

3. ஒரே கிடங்கைப் பயன்படுத்தும் மற்ற உள்ளாட்சிகளோடு செலவை எந்த அடிப்படையில் பிரிக்கிறீர்கள்? அந்த உத்தரவின் நகல் தரவும்.

4. பயனாளர் கட்டணம், அபராதம், உரம் மற்றும் மறுசுழற்சிப் பொருள் விற்பனை - ஒவ்வொன்றிலும் வந்த வரவு எவ்வளவு? எந்தக் கணக்கில் வைக்கப்பட்டது?

5. எடை மேடையை முத்திரையிட்டுச் சரிபார்த்த கடைசித் தேதி எது? ஏதாவது ஒரு நாளின் எல்லா எடைச் சீட்டுகளின் நகல் தரவும்.

6. மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்துக்கு அனுப்பிய கடைசி ஆண்டறிக்கையின் நகல் தரவும்.

முதல் கேள்விக்கும் ஆறாவது கேள்விக்கும் வரும் பதிலை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டிலும் டன் ஒன்றாக இருக்கணும். பிறகு டன்னை விலையால் பெருக்கி, இரண்டாவது பதிலில் உள்ள தொகையோடு வையுங்கள். அதுவும் ஒத்துப்போகணும். இதற்குத் தணிக்கையாளர் வேண்டாம், செல்போனில் இருக்கிற கால்குலேட்டர் போதும்.

கடைசியாக ஒன்று. இந்தக் கேள்விகளை முத்தியால்பேட்டைக்காரர் கேட்கும்போது ஏழாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்: 'குரும்பாபேட்டை கிடங்கைச் சுற்றியுள்ள மக்களின் குடிநீர், மருத்துவ முகாம், சாலை ஆகியவற்றுக்குக் கிடங்குச் செலவிலிருந்து எவ்வளவு ஒதுக்கப்பட்டது?' கருவடிக்குப்பத்துப் புகையை ஒரு காலத்தில் சுவாசித்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் அருமை தெரியும். நம் வாசலைவிட்டுப் போன குப்பை இன்னொருவர் வாசலில்தான் இறங்குகிறது. அவர் பங்கு என்ன என்பதும் நம் கணக்கில் ஒரு வரிதான்.